மாட்டுச் சந்துக்குத் தகரம்

முதல் கல் எங்கள் வளாகத்து ஜீப்பின் கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது கல் என் புருவத்தில் விழுந்தது. மூன்றாவதை எறியக் கையை ஓங்கியவன் முன்னால் நான் ஹாக்கி மட்டையோடு போய் நின்றேன். இடது கண்ணுக்குள் ரத்தம் இறங்கியதால் அவன் பாதி சிவப்பாகத்தான் தெரிந்தான். “எறிடா பார்க்கலாம்” என்றேன். கல்லைக் கீழே போட்டான். போட்டிருக்காவிட்டால் அவன் மண்டையை உடைத்திருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில், தேயிலைக்கு மேலே சீகை மரங்களுக்குள் இருக்கும் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நான் உடற்கல்வி இயக்குநர். பெண்கள் விடுதிக்குத் துணைக் காப்பாளரும் நான்தான். பிள்ளைகள் நேரில் ‘பி.டி. மிஸ்’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘விசில்’ என்பார்கள். கோபம் வந்தால் எனக்குக் கைதான் முந்தும், வாய் அப்புறம்தான் வந்து சேரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா எனக்காகவே ஒரு பழமொழியைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

அந்த வருஷம் பங்குனியில் கொரோனாவுக்காக வளாகத்தைச் சாத்தினோம். பிள்ளைகள் உடுத்திய துணியோடு ஓடினார்கள். அப்புறம் பெண்கள் விடுதியின் கீழ்த்தளத்தை, நோயாளிகளைத் தனியே வைக்கும் முகாமாக மாற்றினார்கள். ஐப்பசியில் கடைசி நோயாளியும் வீட்டுக்குப் போனார். இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கார்த்திகையில், ஒரு திங்கட்கிழமை திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. பாதுகாப்பாகத் திறப்பதற்கு ஒரு குழு போட்டார்கள். கோயமுத்தூர்க்காரரான பதிவாளர், ஊரின் சுகாதார ஆய்வாளர், மெஸ் மாஸ்டர், நான்.

பதிவாளர் மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் மூடி போட்டு, அந்த மூடிக்குள் மூச்சு வாங்குகிற மனுஷன். சானிடைசரைத் தன் செல்போன் மேல் அடித்து அடித்தே அதைக் கொன்றவர். மெஸ் மாஸ்டர் அவருக்கு நேர் எதிர். ஊட்டி பஜாரில் பிறந்து வளர்ந்த பாய், ஆள் மூட்டை மாதிரி இருப்பார். கையலம்பும் தொட்டி முன்னால் நான் வெள்ளை பெயிண்டில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டே வர, அவர் கரண்டியோடு வந்து வேடிக்கை பார்த்தார்.

“மிஸ், பிரியாணிக்கு வட்டத்துல நிக்கிற பசங்கள எங்கியாச்சும் பாத்திருக்கீங்களா?”

“நிக்காதவன் காலை ஒடிப்பேன்.”

“ஒடிச்சா அப்புறம் எப்பிடிங்க நிப்பான்?”

அந்த ஒரு வாரம் நாங்கள் செய்ததெல்லாம் அருவருப்பான வேலை. பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்தால் ஷூவுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை, தலையணைக்குள் எலிக்குஞ்சு, ஊறுகாய் பாட்டில் வெடித்துச் சுவரெல்லாம் சிவப்பு. மின்சார மணியின் வயரை எலி தின்றுவிட்டதால் வளாகத்தில் மணி என்று மிஞ்சியது மெஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டு ஒன்றுதான். பிளீச்சிங் பவுடரில் என் விரல் தோல் உரிந்தது. நான் முனகவில்லை. எனக்கு அந்த வளாகம் திறந்தே ஆக வேண்டியிருந்தது, அதற்குக் காரணம் கூடலூருக்கு அப்பால் சேரம்பாடியில் இருந்தாள்.

அவள் இறுதியாண்டு மாணவி. என் அணியில் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். குச்சி மாதிரி இருப்பாள், கடைசி வளைவில் பேய் பிடித்த மாதிரி ஓடுவாள். அப்பா இல்லை. அம்மா அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மாவின் அண்ணன் அதே தோட்டத்தில் சூப்பர்வைசர், தாயும் மகளும் அவர் நிழலில்தான் குடியிருந்தார்கள். வளாகம் மூடியதும் அவளைத் தன் மகனுக்குக் கட்டி வைப்பதென்று அந்தத் தாய்மாமன் முடிவு செய்துவிட்டார். அம்மா காலில் விழுந்து அழுதிருக்கிறார். அதற்கு அவர், தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயனின் மாரியம்மன் கோவில் முன்னால், நாலு பேர் கேட்க ஒரு வார்த்தை கொடுத்தார்.

“காலேஜு தொறந்தா அவ போகட்டும், நான் கேக்க மாட்டேன். தொறக்கலைன்னா கார்த்திகையில பரிசம், தையில தாலி.”

திறக்காது என்ற தைரியத்தில் கொடுத்த வார்த்தை அது. ஆனால் கோவில் முன்னால் சொன்ன வார்த்தையை விழுங்க முடியாது, அந்த லயனில் அப்படித்தான். தாயும் மகளும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று அவள் போன் பண்ணுவாள். “மிஸ், தொறந்துருவாங்கல்ல மிஸ்?” என்பாள். “வாயை மூடிட்டு ஓடிப் பழகு” என்பேன்.

கல்லடி பட்டது புதன்கிழமை. வளாகத்தைத் திறக்கப்போகிற செய்தி கீழே உள்ள லயன்களுக்குப் போய்விட்டது. ஆணும் பெண்ணுமாக வந்து கேட்டை மறித்துக்கொண்டார்கள். நான் மட்டையை இறக்கிய பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது. ஒரு பெண் என் முகத்துக்கு நேரே வந்தாள்.

“ஏனுங்க மிஸ்ஸு, கீழ்நாட்டுல இருந்து நோயைக் கொண்டாந்து எங்க புள்ளைங்க தலையில கட்டப் போறீங்களா?”

“அதுக்குக் கல்லெடுத்து எறிவீங்களா? கண்ணு போயிருந்தா நீயா குடுப்பே?”

“எங்க மாமனாரு செத்தாருங்க. மூஞ்சியக் கூட காட்டலீங்க. பிளாஸ்டிக்குல சுத்தி, குழிக்குள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க. நாங்க ரோட்டுல நின்னு பாத்தோம்.”

நான் கன்னத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டேன். பதிவாளர் கேட்டுக்கு உள்ளே, பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாலிருந்து, அரசு விதிகளை வாசித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் அவர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். விடுதிக்குப் பின்னால் மதிலில் இருக்கும் இடைவெளியை அடைக்க வேண்டும். பிள்ளைகள் அந்த வழியாகத்தான் லயன் பக்கத்து டீக்கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் இறங்குவார்கள். அதை அடைத்துவிட்டால் திங்கட்கிழமை நீங்கள் திறந்துகொள்ளலாம் என்றார்கள்.

அதை எல்லோரும் மாட்டுச் சந்து என்போம். மலையில் யார் வேலி போட்டாலும் ஓரிடத்தில் திறந்து விடுவார்கள். கேரட் தோட்டக்காரர்கூட விடுவார். காட்டுமாடு தலைமுறை தலைமுறையாக ஒரே தடத்தில் நடக்கும், தடத்தில் சுவர் வந்தால் சுவரை இடிக்கும். எங்கள் மதிலும் அந்த இடத்தில் இரண்டு தடவை இடிந்து, கட்டிய மேஸ்திரியே வெறுத்துப்போய் விட்டுவிட்டுப் போன இடம். வளாகம் மூடிக்கிடந்த மாதங்களில் ஒற்றைக் கிழட்டுக் காட்டுமாடு ஒன்று அந்தச் சந்து வழியாக வந்து எங்கள் மைதானத்துப் புல்லை மேய்ந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. லயன்காரர்களுக்கும் அது பழக்கப்பட்ட மாடுதான். அது வந்தால் ஒதுங்கி நின்று, போன பிறகு நடப்பார்கள்.

இதெல்லாம் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா. அன்றைக்கு மாட்டை யாரும் நினைக்கவில்லை. அவர்கள் கண்ணில் நோய் நின்றது, பதிவாளர் கண்ணில் ‘ஒரே வாசல்’ என்ற விதி நின்றது, என் கண்ணில் திங்கட்கிழமை நின்றது. வியாழக்கிழமை மத்தியானம் லயன்காரர்களே தங்கள் வீட்டுக் கூரைக்கு வைத்திருந்த தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடப்பாரையால் குழி தோண்டி, மரக்கம்பம் நட்டு, முறுக்குக் கம்பி கட்டி ஆணி அடித்தார்கள். சுத்தியல் சத்தம் மலையெல்லாம் கேட்டது. மாடு அப்போது சீகைக் காட்டுக்குள் படுத்திருந்திருக்கிறது, மதிலுக்கு உள்ளே, எங்கள் பக்கம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் சுகாதார ஆய்வாளர் கடைசிப் பார்வைக்கு வந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடுப்பு. அவர் சரி என்று சொல்லிவிட்டால் திங்கட்கிழமை திறப்பு. சேரம்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் மகளை ஏற்றிவிட்டதாக அம்மா விடியலிலேயே போன் பண்ணிச் சொல்லியிருந்தார். முன்கூட்டியே வந்து டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நாங்கள் போட்ட விதி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆய்வாளரின் பின்னாலேயே நடந்தேன். மெஸ் மாஸ்டர் தொட்டிக்கு முன்னால் நின்று குழாய் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

மாடு மதிலை ஒட்டி வந்தது. வழக்கமாக அசைந்து அசைந்து வரும் மாடு, அன்றைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தது. நெற்றியில் தகரம் கிழித்த காயம், சந்தில் முட்டிப் பார்த்து மிரண்டு திரும்பியிருக்கிறது. மூக்கிலிருந்து புகை மாதிரி மூச்சு. நாங்கள் எல்லோரும் அசையாமல் நின்றிருந்தால் அது எங்களைத் தாண்டிப் போயிருக்கும். தன் காருக்குள் உட்கார்ந்திருந்த பதிவாளர் ஹாரனை அடித்தார். ஒரு தடவை இல்லை, கையை எடுக்காமல் அடித்தார்.

“ஹாரன் அடிக்காதீங்க சார்!” என்று நான் கத்தி முடிப்பதற்குள் மாடு திரும்பிக் காரின் கதவில் மோதியது. கதவு காகிதம் மாதிரி மடங்கியது. அடுத்து அதன் கண்ணில் பட்டவர் மாஸ்டர். அவர் ஓடவில்லை, உறைந்து நின்றார். கொம்பு தொடைக்குள் போய், அந்தப் பெரிய உடம்பு மேலே எழும்பித் தொட்டியின் மேல் விழுந்தது. மாடு மறுபடியும் தலையைத் தாழ்த்தியது. நான் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து உயிரைக் கொடுத்து ஊதினேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பிறகு திரும்பிச் சீகைக் காட்டை நோக்கி ஓடியது.

மாஸ்டரை இழுத்து மெஸ்ஸுக்குள் போட்டேன். தொடை கிழிந்து உள்ளே வெள்ளையாக என்னவோ தெரிந்தது. துப்பட்டாவைச் சுருட்டி இறுக்கிக் கட்டி, முட்டியால் அழுத்திக்கொண்டே அவரைத் திட்டினேன். “ஓடக்கூடத் தெரியாதாய்யா உனக்கு? கண்ணை மூடாதே, மூடினே கன்னத்துல அறைவேன்.” திட்டாவிட்டால் அழுதிருப்பேன். நான் போட்ட வெள்ளை வட்டங்களில் அவர் ரத்தம் தேங்கி நின்றது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் என் கையைப் பிடித்தார்.

“மிஸ், வட்டத்துலதான் நின்னேன். பாத்தீங்கல்ல?”

அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். இப்போதும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார், வாய் மட்டும் குறையவில்லை.

வனத்துறை ஆட்கள் பட்டாசோடு வந்தார்கள். மெயின் கேட்டைத் திறந்து வைத்தால் மாடு போய்விடும் என்றார்கள். எங்கே போகும்? கேட்டுக்கு வெளியே ஊரே கூடி நின்றது. நாங்கள் மூச்சு விட்டாலே நோய் வரும் என்று கல்லெறிந்தவர்கள், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு செல்போனில் படம் பிடித்தார்கள். சரி, பின்னால் தகரத்தைப் பிரித்துவிடலாம் என்றால், லயன்காரர்கள் அதற்கும் மறித்தார்கள். “சும்மா போற மாடுன்னா பரவால்லீங்க. ரத்தம் பாத்த மாட்ட எங்க ஊட்டுக்குள்ளயா விடுவீங்க?” என்றார்கள். அதிலும் நியாயம் இருந்ததுதான் கொடுமை.

அதுவரை நசுங்கிய காருக்குள்ளேயே இருந்த பதிவாளர் மறுபக்கக் கதவால் இறங்கிக் கேட்டுக்குப் போனார். கம்பிக்கு நடுவில் அவர் முன்னால் நீண்ட ஒரு செல்போனைப் பார்த்து, வளாகம் திறப்பது மறு அறிவிப்பு வரும்வரை ஒத்தி வைக்கப்படுகிறது என்று சொன்னார். நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். “யாரைக் கேட்டுச் சொன்னீங்க? அதை எடுத்துட்டு வேற சொல்லுங்க!” என்று உலுக்கினேன். ஆய்வாளர் வந்து என் கையைப் பிரித்தார். அதற்குள் அந்தப் படம் மலை முழுக்கப் போய்விட்டது. கூடலூருக்குப் போனது, சேரம்பாடிக்கும் போனது.

வெயில் ஏறிய நேரத்தில் என் போன் அடித்தது. அவள்தான்.

“மிஸ், பஸ் ஸ்டாப்புல எறங்கி மேல வந்துட்டேன். சந்துல தகரம் அடிச்சிருக்கு மிஸ். உள்ள வர முடியல.”

“அங்கேயே நில்லு. உள்ள மாடு இருக்கு.”

“மிஸ், மாமா ஜீப்புல பஸ்ஸுக்குப் பின்னாலயே வந்திருக்காரு. கீழ இருந்து ஏறி வர்றாரு. வழியில போன்ல பாத்தாராம், காலேஜு தொறக்கலையாம், வா போலாம்ங்கறாரு.” அதற்குப் பிறகு அவள் குரல் கேட்கவில்லை. போன் கீழே விழுந்த சத்தமும் ஓர் அறைச் சத்தமும் கேட்டன.

ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனால் வெகு தூரம். உள்ளே போனால் விடுதிக்குப் பின்னால் சரிவு, சீகைக் காடு, அதைத் தாண்டினால் சந்து. வனத்துறைக்காரர் ஒருவர் “மேடம், மாடு அங்கதான் நிக்குது!” என்று கத்தினார். எனக்குக் கேட்டது, கால் நிற்கவில்லை. ஹாக்கி மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மரங்களுக்குள் இடது பக்கம் ஏதோ கனமாக மூச்சு விட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் அடி விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவள் முதுகு தகரத்தில் மோதி அது அதிர்ந்தது. “மாமா, விடுங்க மாமா” என்று அவள் அலறினாள். குழி தோண்டிய கடப்பாரையை எங்கள் பக்கமே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் கம்பத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் செருகி மொத்த உடம்பையும் அதன் மேல் போட்டேன். ஆணி கிரீச்சிட்டது. இன்னொரு தடவை. தகரத்தின் விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்தது. மூன்றாம் தடவையில் ஒரு பக்கம் முழுவதும் பெயர்ந்து சாய்ந்தது.

மாமன் அவளுடைய கூந்தலை மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்தார். நல்ல வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. அவள் உதடு கிழிந்து தாடை வரைக்கும் ரத்தம். புதன்கிழமை ஓங்கி அடிக்காமல் விட்ட அடியை அந்த முன்கையில் இறக்கினேன். எலும்பு முறிகிற சத்தம் சுள்ளியை ஒடிக்கிற சத்தம்தான், பெரிதாக ஒன்றும் இல்லை. மட்டையும் விரிசல் விட்டது. அவர் பிடியை விட்டுவிட்டு அலறினார்.

அப்போது எனக்குப் பின்னால் தரை அதிர்ந்தது. வழி திறந்தது மாட்டுக்குத் தெரிந்துவிட்டது. அவளைப் பிடித்து இழுத்து மதிலோடு மதிலாக ஒட்டி, அவள் மேல் என் உடம்பைப் போட்டு நின்றேன். கறுப்பாக ஒரு மலை எங்களை உரசிக்கொண்டு போனது. அதன் வியர்வை வாடை இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது. சந்தின் நடுவில் நின்ற மனுஷனைத் தோளால் ஓர் இடி இடித்தது. அவர் பக்கத்துச் சாக்கடையில் போய் விழுந்தார். மாடு அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. டீக்கடையைத் தாண்டி, சதுப்பில் இறங்கி, சோலைக்குள் போய்விட்டது. லயனில் ஒரு கோழிகூடச் சாகவில்லை.

சாக்கடையிலிருந்து எழுந்தவர் முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு சந்து வாசலுக்கு வந்தார். சேறு சொட்டியது.

“அவ என் தங்கச்சி மக. கேக்க நீ யாரு? காலேஜு தொறக்கல. எல்லாரும் போன்ல பாத்தாச்சு. அனுப்பு வெளிய.”

எனக்கு அந்த நேரத்தில் எப்படி வாயில் வந்ததோ தெரியாது. “இந்த மதிலுக்குள்ள கால வச்சவங்க ரெண்டு வாரம் வெளிய போகக்கூடாது. அரசாங்க விதி. அவ வச்சாச்சு. உங்களுக்கு வேணும்னா நீங்களும் உள்ள வாங்க. மூக்குக்குள்ள குச்சி விட்டு மூளை வரைக்கும் நோண்டி எடுத்து, அந்தக் கீழ் ரூமுல போட்டுப் பூட்டுவோம். ஏற்கெனவே அதுலதான் முகாம் வச்சிருந்தாங்க” என்றேன்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, என்னைத் தேடிக்கொண்டு சுகாதார ஆய்வாளர் மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரை அதே வெள்ளை உடுப்பு, நெஞ்சில் மாஸ்டரின் ரத்தம். அந்த உடுப்பைக் கண்டு மலையே அந்த வருஷம் நடுங்கியது. மாமன் பின்னால் நகர்ந்தார், இன்னும் நகர்ந்தார். பொண்ணு மேஜர், அவள் விருப்பம் இல்லாமல் தொட்டால் போலீசைக் கூப்பிடுவேன் என்று ஆய்வாளர் சொன்னபோது அவர் பாதி சரிவு இறங்கியிருந்தார். அங்கே நின்று திரும்பி அவளைத்தான் பார்த்தார், என்னை இல்லை.

“நீ இங்க இரு. ஒங்கம்மா அங்கதான் இருக்கா” என்றார்.

அவள் அதைக் கேட்டதும் என்னைத் தள்ளிவிட்டு அவர் பின்னாலேயே இறங்கப் பார்த்தாள். நானும் ஆய்வாளரும் இழுத்துப் பிடித்தோம். என் கையைக் கடித்தாள். “அம்மாவ அடிப்பாரு மிஸ், கொன்னுருவாரு மிஸ்” என்று கடித்துக்கொண்டே அழுதாள். அப்போதே சேரம்பாடிப் பக்கம் போலீசுக்குச் சொன்னோம். ஆள் போய்ப் பார்க்கிறோம் என்றார்கள். அம்மாவின் போன் அன்று முழுக்க அணைந்தே கிடந்தது. விடுதி அறையில் அவளை உட்காரவைத்து உதட்டுக்கு மருந்து போட்டேன், சாப்பாடு இறங்கவில்லை. அத்தனை பெரிய விடுதியில் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலையில், புது எண்ணிலிருந்து போன் வந்தது. அம்மா. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி குரல்.

“மிஸ், புள்ள உள்ள வந்துட்டாளா?”

“வந்துட்டா. பத்திரமா இருக்கா. நீங்க எங்கே இருக்கீங்க? என்னாச்சு?”

“எஸ்டேட்டு ஆஸ்பத்திரியில இருக்கேன் மிஸ். நர்சம்மா போனு இது. கை முறிஞ்சுபோச்சு. பல்லு ரெண்டு போச்சு. வெறகுக் கட்டையால... எடது கையாலதான் அடிச்சாரு, இல்லைன்னா செத்திருப்பேன். அது கெடக்கட்டும் மிஸ்.” மூச்சு வாங்கினார். “எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. காலேஜு தொறந்துருச்சா?”

பதிவாளர் கோயமுத்தூருக்குப் போய்விட்டார். மெயின் கேட்டில் பூட்டுத் தொங்கியது. அறிவிப்புப் பலகையில் ‘ஒத்திவைப்பு’ என்று ஒட்டியிருந்தது.

“தொறந்தாச்சும்மா” என்றேன்.

“தொறக்கலைன்னு போன்ல போட்டாங்களே மிஸ்.”

“அவங்க கெடக்கறாங்க. நான் சொல்றேன், தொறந்தாச்சு.”

“அப்ப கொஞ்சம் இருங்க மிஸ்.” அவர் குரல் தாழ்ந்தது. “அவரும் இங்கதான் மாவுக்கட்டு போட்டுக்கிட்டு நிக்குறாரு. நான் தடுக்கி விழுந்தேன்னு சொல்லணும்னு நிக்குறாரு. கோவில்ல குடுத்த வார்த்தைய மறந்துட்டாரு. நர்சம்மா ஸ்பீக்கர்ல போடுறாங்க. அவரு காதுல கேக்குற மாதிரி சொல்லுங்க மிஸ். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க.”

நான் சொல்லவில்லை. நான் சொன்னால் அந்த ஆள் நம்ப மாட்டார். விடுதியிலிருந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெஸ் வாசலுக்கு ஓடினேன். மாஸ்டரின் ரத்தம் காய்ந்த வட்டங்களைத் தாண்டி முதல் வட்டத்தில் அவளை நிறுத்தினேன். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தண்டவாளத் துண்டுக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வீங்கிய உதட்டோடு, இரண்டு கையாலும் போனை ஏந்திக்கொண்டு நின்றாள்.

இரும்புக் கம்பியை எடுத்து அடித்தேன். முதல் மணி. இரண்டாம் மணி. வகுப்புக்கு அடிக்கிற மாதிரி நிறுத்தி அடிக்க எனக்குப் பொறுமை இல்லை, விடாமல் அடித்தேன். உள்ளங்கையின் கட்டு நனைந்து கம்பி வழுக்கியது. கீழே லயனிலிருந்து ஆட்கள் வெளியே வந்து மேலே பார்த்தார்கள். இரண்டு பேர் மாட்டுச் சந்து வழியாகவே ஏறி வந்து, சாய்ந்து கிடந்த தகரத்தைத் தாண்டி மெஸ் வாசலுக்கே வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, புதன்கிழமை என்னிடம் கத்தியவள்.

“என்னங்க மிஸ்ஸு, தொறந்துட்டீங்களா?” என்று கேட்டாள்.

“தொறந்தாச்சு!” என்று போனுக்குக் கேட்கும்படி நான் கத்தினேன்.

லயன்காரி வட்டத்தில் நின்ற பெண்ணையும் அவள் முகத்தையும் போனையும் பார்த்தாள். கல் எதுவும் எடுக்கவில்லை.

“ஆமாங்க, தொறந்துட்டாங்க!” என்று அவளும் சத்தமாகச் சொன்னாள்.

மணியையும் மீறி, போனுக்குள் அம்மா சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “கேட்டுச்சா அண்ணே? மணி அடிச்சாச்சு. இனிமே அவளக் கூப்புட ஒனக்கு வார்த்தை இல்ல.”

நான் அடிப்பதை நிறுத்தவில்லை.